நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறதா? ஆனல் கிளாண்ட் தொல்லையை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நாய் பின்னங்கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்து, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டே தரையில் தேய்த்தால், பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கிளாண்ட் ரொம்பிடுச்சு, பிதுக்கி விடுங்க.” கிளாண்ட் என்பது மலவாய்க்கு இரண்டு பக்கமும் உள்ள சிறு திரவப் பை. சில கிரூமிங் கடைகளில் குளிப்பாட்டும்போது கேட்காமலேயே பிதுக்கியும் விடுகிறார்கள். வரிசை இது இல்லை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு தொட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் பிறகு தேவைப்பட்டால் மட்டும் பிதுக்க வேண்டும். தேய்க்கிற நாய்க்கு நாடாப்புழு இருக்கலாம், தெள்ளுப்பூச்சி இருக்கலாம், தோல் அலர்ஜி இருக்கலாம். கிளாண்டே காரணம் என்றாலும், சீழ் பிடித்த நேரத்தில் அழுத்தினால் பை உள்பக்கமாக உடைந்து சீழ் சதைக்குள் இறங்கிவிடும்.

இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், 4 மணி இடத்தில் ஒன்று, 8 மணி இடத்தில் ஒன்று என இரண்டு சிறு பைகள் தோலுக்கு அடியில் இருக்கின்றன. மலவாயை மூடித் திறக்கும் உள்தசைக்கும் வெளித்தசைக்கும் நடுவில் அவை உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பையிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று மலவாயின் விளிம்பில் திறக்கிறது. மலம் திடமாக வெளியே வரும்போது இந்தப் பைகள் நசுங்கி, சில சொட்டுத் திரவம் மலத்தோடு போய்விடும். இயற்கை செய்து வைத்த ஏற்பாடு அவ்வளவுதான். மலம் கொழகொழவென்று இருந்தால் பையை நசுக்க ஆள் இல்லை. திரவம் தேங்கி, கெட்டியாகி, குழாயை அடைக்கிறது. அதனால் கிளாண்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மலத்தையும் பாருங்கள்.

பக், பொமேரேனியன், ஷீட்சூ, லாசா, டாக்ஸ்ஹண்ட் போன்ற சின்ன ஜாதிகளில் இந்தத் தொல்லை அதிகம். பெரிய நாய்களுக்கும் வரும். குறிப்பாக உடம்பு போட்ட லாப்ரடாருக்கு.

தொடுவதற்கு முன்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறை, கொஞ்சம் பஞ்சு அல்லது டிஷ்யூ, வழுக்குவதற்கு ஜெல்லி (இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய்), வெதுவெதுப்பான தண்ணீர், செல்போன் டார்ச். நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். எவ்வளவு சாதுவான நாயும் இந்த இடத்தில் வலித்தால் கடிக்கும். நீள மூக்கு நாய்க்கு வாய்க்கட்டு போடலாம். பக், ஷீட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு வாயைக் கட்டவே கூடாது, மூச்சு திணறும். கழுத்தைச் சுற்றித் துண்டைத் தளர்வாகச் சுருட்டிப் பிடித்தால் போதும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று விடாமல் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசி பற்றி அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள்.

வால் அடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா? தோல் சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா? ஓட்டை, ஈரம், இரத்தம்? முடியில் அரிசி மாதிரி எதுவும் ஒட்டியிருக்கிறதா? இந்தப் பார்வைக்கு ஒரு நிமிடம் போதும். கீழே எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

தேய்க்கிறது, ஆனால் வீக்கமோ சிவப்போ இல்லை

முதல் சந்தேகம் நாடாப்புழு. அதன் துண்டுகள் மலவாயைச் சுற்றியும் படுக்கும் சாக்கிலும் அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், புதிதாக இருந்தால் மெல்ல நெளியும். காய்ந்துபோனால் மஞ்சள் பாரித்து எள் மாதிரி இருக்கும். இந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது: நாய் அரிப்பெடுத்துக் கடிக்கும்போது பூச்சியையும் விழுங்குகிறது, அதற்குள் இருந்த புழுக்குஞ்சு குடலில் வளர்கிறது. பைரண்டல் மட்டும் உள்ள குட்டி நாய் சிரப் இதைத் தொடாது. பிராசிகுவாண்டல் உள்ள மாத்திரை வேண்டும். கிலோவுக்குச் சுமார் 5 மி.கி. கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் 50 மி.கி. பிராசிகுவாண்டலோடு வருகின்றன, அட்டையைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

தெள்ளுப்பூச்சியை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் திரும்பவும் அரிசி மணி தெரியும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் சோதிக்க வழி உண்டு. வால் அடியை நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் போடுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகச் சாயம் பரவினால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தை நாய்க்குக்கூடப் போடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

புழு இல்லை, பூச்சி இல்லை என்றால், நாய் பாதத்தை நக்குகிறதா, காதைச் சொறிகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அலர்ஜி பக்கம் சாய வேண்டும். முடி வெட்டிவந்த மறுநாள் தேய்க்கிறது என்றால் மெஷின் சூட்டில் தோல் எரிந்திருக்கலாம். இரண்டு நாளில் அடங்கும். நீள முடி நாய்களில் மலம் முடியோடு காய்ந்து மலவாயையே மூடியிருப்பதும் உண்டு. அதை இழுக்காமல் வெந்நீரில் ஊறவைத்துப் பிறகு வெட்டுங்கள். ஒன்று கவனிக்க: மொட்டைமாடி சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்தே தோல் உரிந்து, காரணம் போன பிறகும் எரிச்சல் நிற்காமல் தொடரும். அந்த நாட்களில் நாயை வழவழப்பான தரையில் வைத்திருங்கள்.

மீன் கவுச்சி அடிக்கிறது

வடசென்னை மீன்பிடித் துறைமுகப் பக்கமான காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இந்த அறிகுறியைப் பிடிப்பது கஷ்டம், காற்றிலேயே அந்த வாடை இருக்கிறது. ஆனாலும் இது மீன்கூடை வாடை இல்லை. இரும்பு வாடை கலந்த, மூக்கைப் பிடிக்கிற கூர்மையான கவுச்சி. நாய் எழுந்துபோன இடத்தில் தரையில் பழுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும்.

பட்டாசு வெடித்தோ ஊசி போட்டோ பயந்த நேரத்தில் குப்பென்று அடித்து ஓய்ந்தால் அது நோய் இல்லை. பயத்தில் தசை இறுகிப் பை தானாகக் காலியாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நாள் முழுக்க வாடை இருந்து, நாய் அடிக்கடி திரும்பித் திரும்பி அங்கேயே நக்கினால் பை நிரம்பி வழிகிறது. வாயில் வாடை என்று பல்லைச் சோதிப்பவர்கள் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நக்குகிற வாய்க்கும் அதே வாடை வரும்.

தொட்டால் உருண்டை தெரிகிறது, சிவப்பில்லை, பெரிய வலியில்லை

வீட்டில் பிதுக்கலாம் என்றால் இந்த ஒரு நிலையில் மட்டும்தான். அதையும் முதல் தடவை கால்நடை மருத்துவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து, அவர் முன்னிலையில் ஒருமுறை நீங்களே செய்துபாருங்கள். எழுத்தைப் படித்து விரல் அழுத்தத்தைக் கற்றுக்கொள்ள முடியாது.

குளியலறையில், குளிப்பாட்டுவதற்கு முன் செய்யுங்கள். பிறகு கழுவிவிட வசதி. ஒருவர் நாயின் தலையையும் மார்பையும் தன் உடம்போடு அணைத்துப் பிடிக்கட்டும். நீங்கள் இடது கையால் வாலை அடியில் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். வாலை முதுகுப் பக்கம் வளைத்து இழுக்க வேண்டாம், வலிக்கும். வால் மேலே போனதும் மலவாய் சற்றுப் பிதுங்கி வெளியே தெரியும். வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 4 மணி, 8 மணி இடங்களுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக வையுங்கள். பட்டாணியிலிருந்து சின்னத் திராட்சை வரை நாயின் அளவுக்கு ஏற்ப இரண்டு உருண்டைகள் விரலில் தட்டுப்படும். தட்டுப்படவே இல்லையென்றால் பை நிரம்பவில்லை, அதோடு நிறுத்திவிடுங்கள்.

தட்டுப்பட்டால் உருண்டைக்குப் பின்னால், அதாவது நாயின் உடம்புப் பக்கம், விரலை லேசாக அழுத்தி உள்ளே கொண்டுபோய், அங்கிருந்து உருண்டையை உங்களை நோக்கியும் மலவாயை நோக்கியும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். நேராக நசுக்கினால் குழாய்தான் மடிந்து அடைபடும், ஒன்றும் வராது. எல்லாரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பஞ்சை மலவாய்மேல் மூடி வைத்துக்கொண்டே செய்யுங்கள், முகத்தை நேராக வைக்காதீர்கள். பீய்ச்சி அடித்தால் சட்டையில் பட்ட வாடை லேசில் போகாது. இரண்டு மூன்று முறை மெதுவாகத் தள்ளியும் வரவில்லையென்றால் வலுவைக் கூட்டாதீர்கள். மருத்துவர் கையுறை விரலை மலவாய்க்குள் விட்டு, உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகப் பையைப் பிடித்து எடுப்பார். வெளியிலிருந்து அழுத்துவதைவிட அந்த முறையில் பை முழுதாகக் காலியாகும்.

வந்ததைத் தூக்கிப் போடுவதற்கு முன் பஞ்சை வெளிச்சத்தில் பாருங்கள். வைக்கோல் நிறத்திலிருந்து பழுப்பு வரை, தண்ணியாகவோ கொஞ்சம் நொறுநொறுப்பாகவோ இருந்தால் ஆரோக்கியமான திரவம். களிம்பு மாதிரி கெட்டியாக, சாம்பல் பழுப்பில் நூல்நூலாக வந்தால் அடைப்பு தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் தண்ணியாகவும் மறுபக்கம் கெட்டியாகவும் வந்தால் கெட்டிப் பக்கத்தைக் குறித்து வையுங்கள், தொல்லை அங்கேதான் திரும்பும். பச்சை மஞ்சளாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் தொற்று. அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பஞ்சையோ அதன் போட்டோவையோ எடுத்துப் போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கெட்டியாக அடைத்த பைக்கு மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு, உப்புத் தண்ணீரோ காதழுக்கு இளக்கும் மருந்தோ செலுத்தி ஊறவைத்துக் கழுவுவார். தேவைப்பட்டால் பைக்குள்ளேயே ஆன்டிபயாடிக் களிம்பு நிரப்புவார். வலி அதிகமென்றால் மயக்க ஊசி போட்டே செய்வார். அது தேவையில்லாத செலவு என்று தடுக்காதீர்கள்.

தொல்லை இல்லாத நாய்க்கு மாதாமாதம் பிதுக்குவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலும் பையின் சுவரைக் கொஞ்சம் காயப்படுத்துகிறது. காயம் வீங்கும், வீக்கம் குழாயைக் குறுக்கும், குறுகிய குழாய் சீக்கிரம் அடைக்கும். கிரூமிங் கடையில் நாயை விடும்போதே “கிளாண்ட்ல கை வைக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருக்கிறது, தொட்டால் கத்துகிறது

பைக்குள் சீழ் கட்டியிருக்கிறது. நாய் உட்காரும்போது சட்டென்று எழுந்துவிடும், வாலைக் கால் நடுவில் செருகிக்கொள்ளும், மலம் போக வந்து போகாமலே திரும்பும். சில நாய்களுக்குக் காய்ச்சலும் வரும், சாப்பாட்டை ஒதுக்கும். இங்கே பிதுக்கக் கூடாது.

அன்றே மருத்துவரிடம் போக முடியாவிட்டால், கைக்குப் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை. துணியை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு நாய்க்கு வையுங்கள். மறுநாளுக்குமேல் தள்ளிப்போடக் கூடாது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும். மருத்துவர் நாய்க்கென்று மெலாக்சிகாம் போன்ற மருந்தை எடைக் கணக்கில் எழுதித் தருவார்.

அவர் செய்வது: மயக்கத்தில் கட்டியைக் கீறி, சீழை வடித்து, கழுவி, புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவார். தையல் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மூடினால் சீழ் திரும்பவும் சேரும். ஆன்டிபயாடிக் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரை போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும்; அதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம். கூட்டம் இருக்கும் இடம், காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுவது நல்லது. தடுப்பூசி அட்டை, நாயின் எடை, எத்தனை நாளாகத் தொல்லை, இதற்கு முன் எந்தப் பக்கம் வந்தது, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

மலவாய்க்குப் பக்கத்தில் ஓட்டை, சீழும் இரத்தமும் வழிகிறது

பல வீடுகளில் இதைத் தெருநாய் கடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடி என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் பல் தடம் இருக்கும். ஒரே ஓட்டை, 4 மணி அல்லது 8 மணி இடத்துக்குப் பக்கத்தில், கூடவே அந்தக் கவுச்சி என்றால் கட்டி தானாக உடைந்திருக்கிறது. உடைந்த பிறகு நாய்க்கு வலி குறையும், முகம் தெளியும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று விட்டால் தோல் மேலே மூடி, உள்ளே சீழ் மறுபடி கட்டும்.

சுற்றியுள்ள முடியை வெட்டுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒன்றரை டீஸ்பூன் போட்டுக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் புண்ணைக் காலை மாலை கழுவுங்கள். போவிடோன் அயோடின் என்றால் 10 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் ஆறுகிற சதையும் வெந்துபோகும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுண்ணாம்பு, மஞ்சள் தூள், டர்பன்டைன் எதுவும் வேண்டாம். கடல் தண்ணீரில் குளிப்பாட்டினால் ஆறும் என்று திருவொற்றியூர் கரைக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம்; அந்தத் தண்ணீரில் உப்போடு கழிவும் இருக்கிறது.

நம் ஊர் வெயிலில் பெரிய ஆபத்து புழு வைப்பதுதான். திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு நெளியத் தொடங்கும். மீன், கறிக் கழிவு கிடக்கிற தெருக்களில் ஈயும் அதிகம். புண் மூடும்வரை நாயைக் கொசுவலைக்குள்ளோ மின்விசிறிக்கு அடியிலோ வீட்டுக்குள் வையுங்கள். புண்ணின் ஓரத்தை மடக்கி டார்ச் அடித்துக் காலையும் மாலையும் பாருங்கள். புழு தெரிந்தால் அந்த நாளே மருத்துவரிடம் போக வேண்டும். டர்பன்டைன் ஊற்றினால் புழு மேலே வரும் என்பது உண்மைதான். ஆனால் மலவாயின் மெல்லிய தோலை அது பொசுக்கிவிடும், நாய் துடிதுடித்துப்போகும்.

கழுத்துக்குக் கூம்பு காலர் போடுவதில் இரக்கம் பார்க்காதீர்கள். நாக்கு படுகிற புண் ஆறாது.

முக்குகிறது, மலம் தட்டையாக வருகிறது, அல்லது வயதான நாய்க்குக் கெட்டியான கட்டி

எட்டு வயதைத் தாண்டிய நாய்க்குப் பை இருக்கும் இடத்தில் கல் மாதிரி, வலி இல்லாத கட்டி தட்டுப்பட்டால் பையில் வரும் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீர் அதிகம் போய், சோர்ந்து கிடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இந்தக் கட்டி சில நாய்களின் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். மருத்துவர் ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார், கால்சியம் சோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதுவார். கட்டி சிறிதாக இருக்கும்போது எடுத்தால் நாய்க்கு நல்ல காலம் மிச்சம் இருக்கிறது. ஆகவே வயதான நாய்க்கு வருடம் ஒருமுறை மருத்துவர் விரல் விட்டுச் சோதிப்பதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்கு மலவாய்ப் பக்கத்தில் மெத்தென்று புடைத்து, அழுத்தினால் உள்ளே போய் வந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அந்த நாய் சிறுநீர் போகாமல் முக்கினால் மூத்திரப் பையே இறங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மலவாயைச் சுற்றிப் பல ஓட்டைகள் வந்தால் அது வேறு நோய், ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து ஆறாது.

சரியாகிச் சில வாரத்தில் திரும்பவும் வருகிறது

தட்டைப் பாருங்கள். பால் சாதம், டீக்கடைப் பொறை, பிஸ்கட், கறிக்கடையில் சும்மா கிடைக்கும் கோழித் தோலும் கொழுப்பும். இதைத் தின்கிற நாயின் மலம் கூழாகத்தான் இருக்கும். முதலில் பாலையும் கொழுப்பையும் நிறுத்துங்கள். தோல் நீக்கிய கோழிக்கறியோ மீனோ, கூடவே வேகவைத்து மசித்த பரங்கிக்காய்: சின்ன நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி, லாப்ரடாருக்கு மூன்று நான்கு. வெங்காயம், பூண்டு, உப்பு சேர்க்கக் கூடாது. இசப்கோல் என்றால் சின்ன நாய்க்கு அரை டீஸ்பூன், பெரிய நாய்க்கு இரண்டு, தண்ணீரில் ஊறவைத்தே கொடுக்க வேண்டும். காய்ந்த தூளாகக் கொடுத்தால் மலச்சிக்கலில் முடியும். மாற்றத்தை ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள். கையில் எடுத்தால் உருக்குலையாமல், தரையில் கறை விடாமல் வரும் மலம்தான் குறி.

உடம்பு போட்ட நாய்க்கு எடை குறைப்பதும் சிகிச்சையே. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வந்தால் அலர்ஜியைத் தேட வேண்டும்: இதுவரை தின்னாத ஒரே புரதத்தை வைத்து எட்டு வாரம் உணவுச் சோதனை, அந்த எட்டு வாரமும் பொறை ஒரு துண்டுகூடக் கிடையாது. பாட்டி ஊட்டும் பிஸ்கட்டும் இதில் அடக்கம்.

எல்லாம் பார்த்தும் வருடத்தில் பல தடவை சீழ் கட்டும் நாய்க்குப் பைகளையே எடுத்துவிடலாம். தொற்று முழுக்க அடங்கிய பிறகுதான் இந்த அறுவை. வீங்கிய சதையில் பையின் எல்லை தெரியாது, ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் ஓட்டை திரும்பும். மலவாய்த் தசைக்கும் அதன் நரம்புக்கும் ஒட்டிய இடம் என்பதால் பழகிய கைகளிடம் கேட்டுக் கொடுங்கள். அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்கு நாய் தெரியாமலே ஒரு துண்டு மலம் விழலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். தையல் பிரிக்கப் போகும்போதும் விழுந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.